டேவின் ஜெட்பேக்கும் எரிபொருள் கணக்கும்

தொண்ணூறுகளில் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தவர்களுக்கு 'டேஞ்சரஸ் டேவ்' பற்றி அறிமுகம் தேவையில்லை. காரைக்குடி போன்ற ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்த காலம் அது. டாஸ் கட்டளை படிக்கப் போனவர்கள், வாத்தியார் வெளியே போனதும் திறந்த விளையாட்டு டேவ்தான். பிளாப்பியில் கைமாறிக் கைமாறியே அது ஊர் ஊராகப் பரவியது.

இதை உருவாக்கியவர் ஜான் ரோமெரோ என்ற அமெரிக்கர். 1988-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதினார். அவர் வேலை பார்த்த சாஃப்ட்டிஸ்க் நிறுவனம் 1990-ல் டாஸ் பதிப்பை வெளியிட்டது. நம் ஊருக்கு வந்தது இந்தப் பதிப்பு. மொத்தம் 10 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போக வேண்டும்.

சில கட்டங்களில் டேவுக்கு ஜெட்பேக் கிடைக்கும். முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கலாம். ஆனால் திரையின் அடியில் ஒரு பட்டை தெரியும். பறக்கப் பறக்க அது குறையும். தீர்ந்தால் டேவ் கீழே விழுவான். கீழே நெருப்பு இருந்தால் கதை முடிந்தது!

எதற்கு இந்தக் கட்டுப்பாடு? தாண்டிக் குதிப்பதுதான் இந்த வகை விளையாட்டுகளின் உயிர். இஷ்டம்போல் பறக்கலாம் என்றால் பள்ளமும் நெருப்பும் வெறும் அலங்காரமாகிவிடும். அளவு வைத்துவிட்டால் கதையே வேறு. மூலையில் இருக்கும் வைரத்துக்குப் பறப்பதா, கதவுக்காக மிச்சம் பிடிப்பதா? ஆடுபவர் யோசித்தே ஆக வேண்டும்.

இதையே ஜப்பானின் நின்டெண்டோ வேறு விதமாகச் செய்தது. 1988 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3'-ல் ஒரு இலையை எடுத்தால் மேரியோவுக்கு வால் முளைக்கும். ஆனால் உடனே பறக்க முடியாது. வேகமாக ஓடி, கீழே உள்ள அம்புக்குறிகளை நிரப்பி, கடைசியில் 'பி' என்ற எழுத்து ஒளிர்ந்தால்தான் மேலே எழும்பலாம். அதுவும் சில விநாடிகள்தான். பிறகு மறுபடி தரையில் ஓடிச் சம்பாதிக்க வேண்டும்.

செட்டிநாட்டில் முதலுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டேவின் எரிபொருள் முதல் மாதிரி. செலவழித்தால் போனதுதான், இன்னொரு ஜெட்பேக் கிடைத்தால்தான் உண்டு. மேரியோவின் மீட்டர் வட்டி மாதிரி. உழைத்தால் திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஓடுவதற்கு இடம் வேண்டும்.

இந்த இரண்டு பாத்திரங்களும் ஒரு நாள் சந்தித்தன என்பதுதான் சுவாரசியம். 1990 செப்டம்பரில் சாஃப்ட்டிஸ்கில் வேலை பார்த்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் ஒரே ராத்திரியில் மேரியோ 3-ன் முதல் கட்டத்தை சாதாரண பி.சி.யில் ஓட வைத்தார்கள். மேரியோ இருக்க வேண்டிய இடத்தில் நின்றவன் டேவ்! காலையில் பார்த்த ரோமெரோ அசந்துபோனார். பிறகு மேரியோவையே வைத்து ஒரு மாதிரி செய்து நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். பி.சி. பக்கம் வர விருப்பமில்லை என்று நின்டெண்டோ மறுத்துவிட்டது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. அதே உத்தியில் 'கமாண்டர் கீன்' செய்து அந்த டிசம்பரிலேயே வெளியிட்டார்கள். 1991-ல் ஐடி சாஃப்ட்வேர் பிறந்தது. 1993-ல் 'டூம்' வந்தது.

எல்லாரும் பறப்பதற்கு அளவு வைத்தார்களா என்றால், இல்லை. 1992-ல் வந்த 'கிர்பி'யில் காற்றை உறிஞ்சி எவ்வளவு நேரமும் மிதக்கலாம். புதிதாக ஆடுபவர்களும் முடிக்கட்டும் என்ற எண்ணம். ஆனால் 2000-ல் வந்த 'கிர்பி 64'-ல் சிறிது நேரத்தில் கிர்பிக்கும் மூச்சு வாங்கியது. 1998-ன் 'பான்ஜோ கஸூயி'யில் பறக்கச் சிவப்பு இறகுகளைச் செலவழிக்க வேண்டும். 2017-ன் 'செல்டா'வில் காற்றில் மிதந்தால் பச்சை வளையம் குறையும், தரையில் நின்றால் நிரம்பும்.

வளையம், இறகு, அம்பு என்று வடிவம்தான் மாறியிருக்கிறது. கையிருப்பைப் பார்த்துச் செலவு செய் என்ற பாடம் மாறவில்லை. பட்டை பாதி குறைந்த பிறகுதான் டேவ் ஆடிய பையன்கள் திரும்பும் வழியை யோசித்தார்கள். கெட்டிக்காரர்கள் கிளம்பும் முன்பே யோசித்தார்கள்.