பேட்டரி வோல்ட் கண்காணிப்பு (வண்டிகள்)

படுக்கை வசதியுள்ள சிறு வேன்களில் விளக்கையும் ஃபேனையும் ஓட்டும் 12 வோல்ட் பேட்டரியின் இருப்பை அறியும் முறை. பொன்னேரியை அடுத்த தச்சூர் கூட்டுரோடு வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16-இல் இரவு நிற்கும் லாரிகளுக்கும் இதே கணக்குதான். அவற்றில் பொதுவாக இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள்.

ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டினால் நிறைவு, 12.2 ஏறக்குறையப் பாதி, 11.8-க்கு இறங்கினால் காலி. எஞ்சினை நிறுத்திய கையோடு தெரியும் 13 வோல்ட்டை நம்பக் கூடாது. அது தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் மின்னேற்றம். சில மணி நேரத்தில் தணிந்துவிடும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மீட்டர், ஒயரில் இழக்கும் வோல்ட்டையும் கழித்தே காட்டும்; பேட்டரி முனைகளிலேயே மல்டிமீட்டரை வைப்பது மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் வோல்ட் நெடுநேரம் அசையாமல் இருந்து கடைசியில் சட்டெனச் சரியும். அதற்கு, ஏறி இறங்கும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டரே உதவும்.