காணாமல் போன பிள்ளைகளும் ரெண்டு சட்டங்களும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா என்னைப் பிடிச்சு நிறுத்தினாங்க. பத்தாவது வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவனோட அம்மா. (எழுதும்போதே தப்பு பண்றேன் பாருங்க. உட்கார்ந்திருந்தவளோட அம்மா.)

"ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குற... அதுல தேடினா எம்புள்ள எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தேடிப் பாக்குறேன் அத்தை"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

உண்மை என்னன்னா, நான் தேட வேண்டிய அவசியமே இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடியே அவளே என்னைத் தேடிப் பிடிச்சுட்டா. வேற ஊர், வேற பேர், ஒரு திருநங்கை அம்மாவுக்கு மகள். "வீட்ல சொல்லிடாத"ன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டா. எங்க ஊர் விழுப்புரம் பக்கம். சித்திரை வந்தா கூவாகத்தைப் பத்தி எல்லாரும் பேசுவோம். ஆனா எங்க தெருப் பிள்ளை காணாமப் போனா மட்டும் "திருப்பூர்ல வேலை பாக்குறான்"தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்மா பக்கமா, மகள் பக்கமா, யார் பக்கம் நியாயம்னு தேடப் போய், சட்ட வரலாற்றுக்குள்ள மாட்டிக்கிட்டேன்.

1871ல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் நமக்கெல்லாம் தெரியும். அதோட ரெண்டாம் பகுதி முழுக்க ஹிஜ்ராக்களைப் பத்தினதுங்கறது எனக்கு இப்பதான் தெரிஞ்சது. அந்தப் பகுதி சென்னை மாகாணத்துக்கு வரலை, வடமேற்கு மாகாணங்கள் (இன்னிக்கு உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி) பக்கம்தான் அதோட ஆட்டம். சந்தேகப்பட்ட ஹிஜ்ராக்களோட பேரை அரசாங்கம் பதிவேட்டில் ஏத்திடும். அப்படிப் பேர் ஏறினவங்க வீட்டில் 16 வயசுக்குக் கீழே ஒரு பையன் இருந்தா, 2 வருஷம் வரை ஜெயில். யாருக்கும் கார்டியனா இருக்கக் கூடாது, மகனைத் தத்தெடுக்கக் கூடாது, உயில் கூட எழுதக் கூடாது. பிடிபட்ட பையனை என்ன செய்யறது? பெத்தவங்க கிடைச்சா அவங்ககிட்ட ஒப்படைக்கலாம். இல்லைன்னா மாஜிஸ்திரேட் ஏற்பாடு செய்வார்.

ஹிஜ்ரா வீட்டில் பையன் இருந்தாலே கடத்திட்டு வந்ததுதான்னு அதிகாரிகள் முடிவு கட்டினாங்க. இதைப் பத்தி ஜெசிக்கா ஹிஞ்சி 2019ல் ஒரு புத்தகமே போட்டிருக்கார். சில பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடித்தான் அங்கே வந்திருக்கும்ங்கற யோசனைக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

அப்படியே 148 வருஷம் தாண்டி 2019க்கு வாங்க. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். நோக்கம் நல்லதுதான். திருநர்ங்கற காரணத்துக்காகக் குழந்தையைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிக்கக் கூடாது, வீட்டை விட்டு விரட்டக் கூடாதுன்னு சொன்னது. சரி, பெத்தவங்களால பார்த்துக்க முடியலைன்னா? கோர்ட் உத்தரவு போட்டு மறுவாழ்வு மையம். குடும்பம்னா ரத்த உறவு, கல்யாண உறவு, இல்லைன்னா சட்டப்படி எடுத்த தத்து. அவ்வளவுதான்.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் சட்டத்துக்குக் கோபம், ரெண்டாவதுக்குக் கரிசனம். ஆனா பிள்ளைக்குக் கொடுக்கற முகவரி ரெண்டிலும் ரெண்டே ரெண்டுதான். பெத்தவங்க வீடு, இல்லைன்னா அரசாங்கம் காட்டுற இடம். ஜமாத்தில் ஒருத்தி இன்னொருத்தியை மகளா ஏத்துக்கிட்டு சோறு போட்டுக் காப்பாத்தற அந்த மூணாவது வீடு, முதல் சட்டத்தில் குற்றம், ரெண்டாவதில் கணக்கிலேயே இல்லை. 2025ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கல்யாணம் மட்டுமே குடும்பம் ஆகாது, நாமே தேர்ந்தெடுக்கற குடும்பமும் உண்டுன்னு சொன்னது. அது வயசு வந்த ரெண்டு பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கு.

அதுக்காகப் பெத்தவங்களை வில்லனாக்கவும் எனக்கு மனசு வரலை. லிவிங் ஸ்மைல் வித்யாவோட "நான், சரவணன் வித்யா" (2007) படிச்சிருப்பீங்க. ஒரே பையன் கலெக்டர் ஆவான்னு கனவு கண்ட அப்பா அதில் வருவார். அவருக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தாங்க? இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைப் பாராட்டணும். 2006 டிசம்பரிலேயே வந்த அரசாணை, பாலின அடையாளத்துக்காகப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாதுன்னு சொன்னதோட, இந்தப் பிள்ளைகளோட குடும்பத்துக்கும் ஆலோசனை தரணும்னு சொல்லிச்சு. 2008ல் நல வாரியமும் வந்தது. ஆனா எங்க ஸ்கூல்ல அவளைக் கிண்டல் பண்ணினது அதுக்கெல்லாம் அப்புறம்தான். நானும் சிரிச்சிருக்கேன். அரசாணை எங்க கிளாஸ் ரூம் வரைக்கும் வரவே இல்லை.

போன வாரம் அவளுக்கு போன் போட்டு, அம்மா கேட்டதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அம்மா என்னைக் கூட்டிட்டுப் போகத் தேடுதா, பார்க்கத் தேடுதா?"

இத்தனை வருஷ சட்டத்தைப் படிச்சும் என்கிட்ட பதில் இல்லை. அத்தைகிட்டதான் கேட்கணும். இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.