குறிஞ்சியின் நீலமும் கேமராவின் நிறமும்: பழனி மலைப் பூப்புகளின் வழியே ஒரு வரலாறு

கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்குவோர் பெரும்பாலும் விலை, மெகாபிக்சல், ஜூம் ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர். ஒரே பொருளை இரு கேமராக்கள் இரு வேறு நிறங்களில் காட்டும் என்பதைப் படம் எடுத்த பிறகே பலர் அறிகின்றனர். மறுநாள் மீண்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய படமென்றால் இழப்பு சிறிது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைப் படம் எடுப்போருக்கு அந்த இழப்பு பெரிது. நிறப்பதிவு கடந்து வந்த பாதையையும், கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தை ஒப்பிட வேண்டிய முறையையும் குறிஞ்சி பூத்த ஆண்டுகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

பழனி மலையும் குறிஞ்சியும்

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் வட்டத்தில் வடகவுஞ்சி, பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்கள் பழனி மலைத்தொடரில் அமைந்துள்ளன. இத்தொடரின் உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இது பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே பருவத்தில் கூட்டமாகப் பூத்து, விதை தந்து மடியும். கொடைக்கானல் பகுதியில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. 1936இல் இங்குக் கட்டப்பட்ட முருகன் கோயில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்றே பெயர் பெற்றுள்ளது.

இப்பூவின் நிறம் நிலையானது அன்று. வெளிர்நீலமாகத் தொடங்கி, நாள் செல்லச் செல்ல ஊதா கலந்த நீலமாக மாறும். எனவே ஒரு படத்தில் உள்ள நிறம், பூப்பு எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதற்கும் ஒரு சான்றாகும். கேமரா நீலத்தை ஊதாவாக மாற்றிவிட்டால் அந்தச் சான்று கெட்டுவிடும்.

தூரிகையும் முதல் வண்ணப்படமும்

ஒளிப்படத்திற்கு முன்பு தாவர நிறத்தைப் பதிவு செய்தது தூரிகை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் இராபர்ட் வைட், நீலகிரித் தாவரங்களைக் கையால் வண்ணமிட்ட படங்களுடன் வெளியிட்டார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள் வரைந்தனர். செடியைப் பார்த்து நிறத்தைக் கலந்த அவர்களின் கண்ணே அன்றைய அளவுகோல்.

குறிஞ்சியின் பன்னிரண்டாண்டுக் கணக்கைப் பின்னோக்கி எண்ணினால் 1862 ஒரு பூப்பு ஆண்டாக அமைகிறது. அதற்கு முந்தைய ஆண்டில், 1861இல், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இலண்டனில் முதல் வண்ண ஒளிப்படத்தைத் திரையில் காட்டினார். கோடுபோட்ட ஒரு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுத்து, மூன்றையும் ஒன்றாகத் திரையில் வீழ்த்தினார். அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பொளியை உணரும் ஆற்றலே இல்லை. ஆயினும் சிவப்பு பதிவானது. நூறு ஆண்டுகளுக்குப் பின் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்ஸ் காரணத்தைக் கண்டறிந்தார். நாடாவின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் எதிரொளித்தது. அக்கதிர் சிவப்பு வடிகட்டியைக் கடந்து தகட்டில் பதிந்தது. கண் காணாத ஒளி படத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் என்பது வண்ணப்படம் பிறந்த நாளிலிருந்தே உள்ள உண்மை.

பழைய தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்ததால், கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலப்பூ வெளிறியும் மஞ்சள்பூ கறுத்தும் தெரியும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்களைச் சேர்த்துத் தகட்டின் உணர்திறனை விரிவாக்கிய பிறகே இக்குறை தீரத் தொடங்கியது.

எண்ணாக மாறிய நிறம்

அடுத்து 1910. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1907இல், லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடு விற்பனைக்கு வந்தது. நிறமூட்டிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களே அதன் வடிகட்டிகள். ஒரே தகட்டில் பல நிற வடிகட்டிகளைப் பரப்பும் இந்த எண்ணம் இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் தொடர்கிறது.

அதே காலத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் சூரியனை ஒரே ஒரு நிறத்தில் படமெடுத்து வந்தது. கால்சியத்தின் ஊதா ஒளியான 393.3 நானோமீட்டரில் எடுத்த தகடுகள் அங்கு நீண்ட தொடராகச் சேர்ந்தன. இங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வளிம ஓட்டத்தால் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதை 1909இல் கண்டறிந்தார். வானியலாளருக்கு நிறம் ஓர் எண். குடும்பப் படம் எடுப்பவருக்கு நிறம் என்பது கண்ணுக்குத் தோன்றுவது. இவ்விரண்டையும் இணைக்க, சராசரி மனிதக் கண்ணின் நிறவுணர்வை அனைத்துலக ஒளியியல் ஆணையம் 1931இல் எண்களாக வரையறுத்தது. இன்றும் கேமராக்களின் நிறப் பிழையை அளக்க அடிப்படையாக இருப்பது அந்த வரையறையே.

படச்சுருள் காலம்

1935இல் கோடாகுரோம் வந்தது. தமிழ்நாட்டில் உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. குறிஞ்சி 1970, 1982, 1994 ஆகிய ஆண்டுகளில் பூத்தபோது, நிறத்தைத் தீர்மானித்தவை வாங்கிய சுருளும் அதைக் கழுவிய வண்ண ஆய்வகமும்தான். 1990இல் வெளிவந்த வெல்வியா போன்ற சுருள்கள் நிறத்தைச் செறிவாகக் காட்டின. வேறு சில அடக்கிக் காட்டின. கேமராவை மாற்றாமலே சுருளை மாற்றி நிறத்தை மாற்ற முடிந்தது.

நீலப்பூக்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அஜரேட்டம் போன்ற பூக்கள் கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தாலும், கண் அரிதாகவே உணரும் ஆழ்சிவப்பையும் மிகுதியாக எதிரொளிக்கின்றன. சுருளின் சிவப்பு அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். பூ இளஞ்சிவப்பு சாயலுடன் பதிவாகும். இதற்கு அஜரேட்டம் விளைவு என்றே பெயர்.

2006: டிஜிட்டல் கேமராவின் பூப்பு

1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்சல் கொண்டது. கறுப்பு வெள்ளை மட்டுமே. அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை பெற்றுத்தந்த வடிகட்டி அமைப்பு அதற்கு நிறம் தந்தது. இதில் பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால்பகுதி சிவப்பையும், கால்பகுதி நீலத்தையும் உணரும். மற்றவற்றைக் கேமராவே கணக்கிட்டு நிரப்பும்.

2003இல் சோனி, தன் எஃப்828 கேமராவில் மரகத நிறத்தை நான்காவது வடிகட்டியாகச் சேர்த்து, நிறத்துல்லியத்தையே விற்பனைக் காரணமாக முன்வைத்தது. அந்த அமைப்பு நிலைக்கவில்லை.

2006இல் குறிஞ்சி பூத்தபோது கையடக்க டிஜிட்டல் கேமராக்கள் பரவலாகியிருந்தன. அஞ்சல்துறை அவ்வாண்டு குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த லைக்கா எம்8 கேமராவின் அகச்சிவப்புத் தடுப்பு வலுவற்றிருந்ததால், கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதாவாகப் பதிவாயின. வாங்கியோருக்கு லென்சில் பொருத்தும் வடிகட்டிகளை நிறுவனமே இலவசமாக வழங்கியது. விலை உயர்ந்த கேமராவும் நிறத்தில் தவறும் என்பதற்கு இது சான்று.

நிறம் வேறுபடக் காரணங்கள்

முதலாவது, வடிகட்டி. மிகக் குறுகிய அலைநீள ஒளி மனிதக் கண்ணுக்குச் சற்றே சிவப்பு கலந்த ஊதாவாகத் தோன்றும். கேமராவின் சிவப்பு வடிகட்டி எல்லாக் கருவிகளிலும் அதே அளவில் கண்ணைப் பின்பற்றுவதில்லை. அதனால் ஊதா, சிலவற்றில் வெறும் நீலமாகிவிடுகிறது.

இரண்டாவது, வெண்சமநிலை. மலையில் வெயில், நிழல், மூடுபனி ஆகியவற்றின் ஒளி வெவ்வேறு சாயல் கொண்டது; நிழலின் ஒளி நீலம் மிகுந்தது. சரிவு முழுவதும் நீலமாக இருந்தால், ஒளியே நீலமானது என்று தானியங்கி அமைப்பு கருதி மஞ்சளைக் கூட்டும். பூ சாம்பல் படிந்து தெரியும்.

மூன்றாவது, உள்ளே நடக்கும் செயலாக்கம். ஜெபெக் படமாக மாற்றும்போது நிறுவனங்கள் நிறச்செறிவைத் தம் விருப்பப்படி கூட்டுகின்றன. 1996இல் முன்வைக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்குள் செறிவான ஊதாக்கள் முழுமையாக அடங்குவதும் இல்லை.

சிசிடி உணரியில் நிறம் இயல்பாகவே சிறந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. நிறத்தை முடிவு செய்வதில் உணரியின் வகையைவிட வடிகட்டிக்கும் செயலாக்கத்திற்குமே பங்கு அதிகம்.

ஒப்பிடும் முறை

கடையில் இரு கேமராக்களை ஒப்பிட விரும்புவோர் பின்வருமாறு செய்யலாம்.

1. குறிஞ்சி கிடைக்காத ஆண்டுகளில் சங்குப்பூ, கத்தரிக்காய், ஒரு பச்சிலை, ஒரு வெள்ளைத்தாள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கலாம். 1976இல் அறிமுகமான 24 கட்ட நிற அட்டை கிடைத்தால் நன்று. அதில் நீலப்பூவுக்கென்றே ஒரு கட்டம் உண்டு.
2. இரு கேமராக்களாலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஒளியில் எடுக்க வேண்டும்.
3. தானியங்கி வெண்சமநிலையில் ஒன்றும், வெள்ளைத்தாளைக் காட்டி அமைத்து ஒன்றும் எடுக்க வேண்டும். இரண்டாவதிலும் நீலம் தவறினால் குறை வடிகட்டியிலோ செயலாக்கத்திலோ உள்ளது.
4. ஒளியளவைச் சற்றுக் குறைத்தும் ஒரு படம் எடுக்க வேண்டும். மிகை ஒளியில் இதழின் நீலம் வெளுத்துவிடும்.
5. கேமராவின் சிறு திரையை நம்பாமல், ஒரே கணினித் திரையில் இரண்டையும் பார்க்க வேண்டும். பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.
6. ரா கோப்பு தரும் கேமராவாக இருந்தால், செயலாக்கத்தின் தவறுகளைப் பின்னர் திருத்த இயலும்.

இரு படங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தால், செறிவான படத்தையே கண் விரும்பும். பொருளுடன் ஒப்பிட்டால்தான் எது உண்மைக்கு அருகில் உள்ளது என்பது தெரியும்.

முடிவுரை

2018இல் கைபேசிகள் கையடக்கக் கேமராவின் இடத்தைப் பெருமளவு பிடித்திருந்தன. நிறத்தைத் தாமே மெருகேற்றும் கருவிகளால் எடுத்த படங்களும் அந்தப் பூப்பின் பதிவுகளாகவே நிலைத்துவிட்டன. அவற்றைச் சரிபார்க்க அந்தப் பூக்கள் இப்போது இல்லை. கணக்குப்படி அடுத்த பூப்பு 2030இல் வர வேண்டும். அன்று படமெடுப்போர் ஒரு வெள்ளைத்தாளையும் பூவுக்கு அருகில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், 2042 வரை குறிஞ்சியின் நிறத்தைக் கேட்போருக்கு நம்பகமான விடை கிடைக்கும்.