சாவி யாரிடம்?

2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் இலக்கியம் பேச விரும்பியோர் பலர் யாஹூ குழுமங்களில்தான் கூடினோம். மரத்தடி, ராயர் காபி கிளப் என எத்தனை திண்ணைகள்! (சண்டைகளே அவற்றின் சுவை என்போரும் உண்டு.) இடம் இலவசம், சாவியோ நிறுவனத்திடம். உறுப்பினர்க்கு மட்டும் என்று எழுதிய மடலும் அதன் வழங்கிக் கணினியில்தான் கிடந்தது. 2013-இல் யாஹூவின் 300 கோடிக் கணக்குகளும் களவுக்குள்ளானமை 2017-இல்தான் முழுதாக வெளிப்பட்டது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்களே மூடப்பட்டன. நகலெடுத்து வைத்தோரிடம் மட்டுமே பழைய மடல்கள் எஞ்சின.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழி வேறு. கு. கல்யாணசுந்தரமும் தன்னார்வலர்களும் மின்னூலாக்கிய பழந்தமிழ் நூல்களை எவரும் இறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. சொந்த வழங்கி நடத்துவதில் செலவுண்டு, பழுதுபார்க்கும் தொல்லையுமுண்டு. அச்சுமையைத் தவிர்க்கவே அன்று நாம் இலவச இடம் தேடிப் போனோம்.