தாடையும் நாவும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

எழுத்துகளின் பிறப்பை ஆராய்வார் தொல்காப்பியப் பிறப்பியலினின்று தொடங்குதல் மரபு. அவ்வியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டனைக் கூறும். தாடை அவ்வெண்ணிக்கையுள் இடம்பெற்றிலது. எனினும், அகர ஆகாரங்களுக்கு ஆசிரியர் கூறும் அங்காத்தல் என்னும் முயற்சி தாடையின் தொழிலின்றி நிகழாது. தாடையும் நாவும் தம்முள் இயைந்து தொழிற்படுமாறு செய்வது யாது என்னும் வினாவுக்கு மேலைநாட்டு உடலியலார் கண்ட விடைகளை ஈண்டு நோக்குவாம். இது மொழிநூலார்க்கு அயலான செய்தி அன்று என்பது பின்னர்ப் போதரும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், மூளையினின்று புறப்படும் நரம்புகளை ஏழிணையாக வகுத்து, நாவை இயக்குவதனை ஏழாவதாக வைத்தனர். இன்று வழங்கும் பன்னீரிணைப் பகுப்பு 1778இல் சோமரிங் என்னும் செர்மானியர் வகுத்தது. இதன்படி மெல்லும் தசைகள் ஐந்தாம் இணைக்கும், நாவின் தசைகளுள் ஏறத்தாழ எல்லாம் பன்னிரண்டாம் இணைக்கும் உரியன. முன்னதன் இயக்கக் கரு மூளைத்தண்டின் இடைப்பகுதியிலும், பின்னதன் கரு அதன் கீழ்ப்பகுதியாகிய முகுளத்திலும் உள்ளன. இருவேறு கருக்கள், இருவேறு நரம்புகள். ஆயினும் மெல்லும்போது நா உணவைப் பல்லிடைத் தள்ளிவிட்டு, பல் மூடுமுன் விலகிவிடுகின்றது. காலம் சிறிது பிழைப்பின் நா கடிபடும். நாள்தோறும் உண்ணும் நாம் இவ்வியப்பை எண்ணுவதே இல்லை.

இதனை விளக்க முற்பட்டவருள் செரிங்டன் தலையாயவர். பெருமூளை நீக்கப்பெற்ற பூனைகளில் ஆராய்ந்து 1917இல் அவர் வெளியிட்ட கட்டுரை எளிமையும் அழகும் வாய்ந்தது. உணவு வாயினுள் அழுத்த, தாடை தானே திறக்கும். திறத்தலால் நீட்டப்பெற்ற மூடுதசை மீளச் சுருங்கும். மூடியதும் உணவு மீண்டும் அழுத்தும். ஒன்று மற்றொன்றைத் தூண்டும் சங்கிலியே மெல்லுதல் என்பது அவர் கருத்து.

இக்கருத்தினை 1971இல் தெல்லோ, லண்ட் என்னும் இருவர் முயல்களிடத்துச் சோதித்தனர். தசைகள் இயங்காவண்ணம் மருந்தால் தடுத்தபின் மூளையைத் தூண்டினர். தாடை அசையவில்லை; ஆகவே அசைவால் எழும் உணர்ச்சியும் இல்லை. இருந்தும் இயக்கு நரம்புகளில் மெல்லுதற்குரிய தாளம் எழுந்தது. தாளம் நடுநரம்பு மண்டலத்துக்குள்ளேயே பிறப்பது தெளிவாயிற்று. இதனால் செரிங்டன் வீழ்ந்தார் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. உணவின் வன்மை மென்மைக்கேற்ப மெல்லும் விசையைத் திருத்துவது அவர் சுட்டிய புலனுணர்ச்சியே.

தாளம் பிறக்குமாறு இவ்வாறு விளங்கினும், தாடைக்கும் நாவுக்கும் உடன்பாடு விளைப்பது யாது என்பது விளங்கவில்லை. அதற்கு ஒரு விடையை 2014இல் அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் தந்தனர். வெறிநாய்க்கடி நோயின் நச்சுயிரி நரம்பு வழியே பின்னோக்கி ஏறிச் செல்லும் இயல்பினது. அதனை ஒரு படி மட்டுமே தாண்டுமாறு மாற்றி, எலிகளில் தாடையை மூடும் தசையினின்றும் நாவை நீட்டும் தசையினின்றும் தொடங்கி, அவற்றின் இயக்கணுக்களுக்கு ஏவல் தரும் அணுக்களைத் தேடினர். அவ்வணுக்களுட் சில இடவலத் தாடைகளின் இயக்கணுக்களை ஒருங்கே பற்றின. வேறு சில தாடை, நா, முகம் ஆகியவற்றுள் குறிப்பிட்ட தசைகளை இணைத்துப் பற்றின. இருவர்க்கு ஒருவரே ஆணையிடின் உடன்பாட்டுக்குத் தனித்தூது வேண்டுவதின்று. விழுங்கவும் ஒட்டாது மிடற்றை வருத்தும் நோயின் கிருமியே வாயின் ஒழுங்கைக் காட்டும் கருவியாயினமை வியத்தற்குரியது.

இனி மொழிக்கு வருவாம். மெல்லுதலின் திறந்து மூடும் தாளமே பேச்சின் அசைக்கு மூலம் என்று 1998இல் மக்நீலேஜ் உரைத்தார். தமிழில் அசை என்பது இயக்கத்தையும் செய்யுளுறுப்பையும் குறிக்கும். ஆன் இரைமீட்டலை அசைபோடுதல் என்போம். இவ்வொற்றுமை நம்மனோரை எளிதில் மயக்கும். சொல்லொற்றுமை உடலியற் சான்றாகாது. சான்றோ வேறு திசையிற் செல்கின்றது. மாந்தர் மெல்லும்போதும் பேசும்போதும் தாடைத் தசைகள் வெவ்வேறு முறையில் இணைகின்றன என 1988இலேயே மூர், சுமித், இரிங்கெல் ஆகியோர் காட்டினர். 2012இல் மக்காக் குரங்குகளைக் கதிர்ப்படத்தால் ஆராய்ந்தபோது, தம்முள் நட்புக் காட்ட அவை இதழை அசைக்கும் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 5 முறையாக இருந்தது. அது மாந்தர் பேச்சின் அசை விரைவினை ஒத்தது. மெல்லும் விரைவோ அதனிற் பாதியளவே. எனவே பேச்சின் மூலத்தை உண்ணும் வாயிலன்றி உறவாடும் வாயில் தேடுதலே பொருந்தும் என்பது எம் துணிபு.