பருத்திச் செடியின் கணினி மாதிரி

பருத்திச் செடி முளைத்த நாள் முதல் காய் வெடிக்கும் நாள் வரை எப்படி வளரும், எந்தக் கணுவில் எப்போது சப்பை (பூமொட்டு) கட்டும் என்பதைக் கணக்குகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை. தமிழ்நாட்டில் இதைப் பேச ஏற்ற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கு உள்ளது. ‘எஸ்விபிஆர்’ இரகங்கள் இவ்வூரின் பெயரைத் தாங்கியவை.

மாதிரிக்குக் கடிகாரம் வெப்பம். நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து ஏறத்தாழ 15.5 பாகையைக் கழித்தால் மிஞ்சுவது அன்று செடி சேர்த்த வெப்ப அலகு. மாசிப்பட்டப் பயிருக்குப் பகலில் 36, இரவில் 24 பாகை என்றால் சராசரி 30, சேர்ந்தது 14.5. அலகுகள் குவியக் குவியக் கணுக்கள் கூடுகின்றன.

பருத்தியை மாதிரியாக்குவோருக்கு அதன் ஒழுங்கே பெரும் உதவி. அடிக்கணுக்களில் இலைக்கிளைகளும், பொதுவாக ஐந்தாறு கணுக்களுக்கு மேல் காய்க்கிளைகளும் வரும். ஒரு காய்க்கிளைக்கும் அதற்கு மேலுள்ள கிளைக்கும் இடையே ஏறக்குறைய 3 நாள். ஒரே கிளையில் அடுத்த சப்பைக்கு 6 நாள். இப்படி விதிகளை மீண்டும் மீண்டும் செலுத்திச் செடியை வரையும் இலக்கணத்தை 1968-ல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் வகுத்தார். அதைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ரூம், ஜிம் ஹனன் ஆகியோர் 1990-களில் பருத்திச் செடியைக் கணினியில் வளர்த்தனர்.

கிளை வரைந்தால் மட்டும் போதாது. வானம் மூடிக் கிடந்தாலோ தண்ணீர் குறைந்தாலோ இலைகள் ஆக்கும் மாவுச்சத்து எல்லாக் காய்க்கும் எட்டாது. சப்பையும் பிஞ்சும் உதிரும். எது நிற்கும், எது உதிரும் என்று சொல்லாத மாதிரியால் விவசாயிக்குப் பயன் குறைவு. 1983-ல் அமெரிக்காவில் வெளியான காசிம் என்ற பருத்தி மாதிரி இந்த வரவு-செலவைக் கணக்கிட்டது. 1986-ல் அதனுடன் இணைந்த கோமாக்ஸ் என்ற நிரல் எப்போது நீர் பாய்ச்சுவது, எவ்வளவு தழைச்சத்து இடுவது என்றும் ஆலோசனை சொன்னது.

மாதிரி எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு நுனி கிள்ளுவதை எடுத்துக்கொள்வோம். இரகங்களில் செடி மிதமிஞ்சி வளர்ந்தால் விதைத்த 70–75 நாளில் 15-ஆம் கணுவுக்கு மேல் கிள்ளச் சொல்கிறது பல்கலைக்கழகப் பரிந்துரை. மொத்த இலைப்பரப்பை ஒரே எண்ணாகக் கொள்ளும் மாதிரிக்கு நுனி என்று ஒன்று தெரியாது. கணு கணுவாக எண்ணும் மாதிரிக்குத்தான் அதைச் சோதிக்க முடியும்.

இந்தியாவில் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.கே. அகர்வால் குழு உருவாக்கிய இன்ஃபோகிராப் என்ற பயிர் மாதிரியின் பருத்திப் பதிப்பு பற்றிய ஆய்வு 2008-ல் வெளியானது. பூச்சிச் சேதத்தையும் கணக்கில் எடுப்பது இன்ஃபோகிராப்பின் சிறப்பு. தத்துப்பூச்சியும் காய்ப்புழுவும் இல்லாத பருத்திக்காடு கணினியில் மட்டுமே உண்டு. எந்த மாதிரியானாலும் இரகத்துக்குரிய எண்களை வயலில் அளந்தே ஊட்ட வேண்டும். ஓர் இரகத்துக்கு எடுத்த அளவு, பூக்கும் காலமும் கிளைக்கும் விதமும் வேறான இன்னோர் இரகத்துக்குச் செல்லாது.