பாட்டிலுக்குள் ஒரு சயாம்காரன்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன், மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று வாங்கி வந்தான். ஊறுகாய் பாட்டில் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை, உள்ளே தோகை விரித்தாற்போல் துடுப்புகளோடு ஒற்றை மீன். "தாத்தா, இதுக்கு ஏர் பம்ப் வேண்டாமாம். ஆனா இன்னொரு மீனோட விட்டா சண்டை போட்டுச் செத்துடுமாம். ஏன்?" என்றான். எனக்குப் பாதி பதில்தான் தெரிந்திருந்தது. மீதியைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதி நம்ம ஊர்க் கதையாகவும் இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை அதன் தலைக்குள் இருக்கிறது. செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக, ரத்த ஓட்டம் மிகுந்த தோல் போர்த்திய ஓர் உறுப்பு உண்டு. 'லேபிரிந்த்' உறுப்பு என்பார்கள். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத்திணறிச் செத்துவிடும். சூடேறி, பாசி பிடித்து, காற்றுக் குறைந்த வயல் நீரில் பிழைக்க இயற்கை செய்து கொடுத்த ஏற்பாடு இது.

நம் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படையதிகாரியாக இருந்த டால்டார்ஃப் என்பவர், குளத்தோரப் பனைமரத்தில் இந்த மீன் ஏறியதைக் கண்டதாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை. அது மரம் ஏறுகிறதோ இல்லையோ, தண்ணீரை விட்டு வெளியே வந்தும் வெகுநேரம் உயிரோடு இருக்கும் என்பது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு சயாமுக்குப் போகவேண்டும். தாய் மொழியில் இந்த மீனுக்கு 'பிளா காட்', அதாவது கடிக்கும் மீன் என்று பெயர். ஆண் மீன் வாயால் குமிழி விட்டு, நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். பெண் இடும் முட்டைகளை வாயில் பொறுக்கி அந்த நுரையில் ஒட்டும். பிறகு பெண்ணை விரட்டிவிட்டு, ஓரிரு நாளில் குஞ்சு பொரிந்து அவை நீந்தத் தொடங்கும்வரை தானே காவல் இருக்கும். அந்தக் கூட்டைக் காக்கத்தான் சண்டை. வயலில் தோற்ற மீன் ஓடிப்போய்விடும், சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மனிதன் பார்த்தது அந்தச் சில நிமிடங்களைத்தான். நன்றாகச் சண்டையிட்ட மீனின் குஞ்சுகளையே மறுபடி மறுபடி பொறுக்கி வளர்த்து, மணிக்கணக்கில் விடாமல் சண்டையிடும் இனத்தை உண்டாக்கினான். நம் சேவல்கட்டு போலத்தான். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கிறது. இந்த மீனுக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை, ஆனால் அரசாங்கம் வரி வாங்கியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியோடர் கேன்டர், 1849-ல் கல்கத்தா ஆசியக் கழக இதழில் மலாய் நாட்டு மீன்களைப் பற்றி எழுதியபோது, மீன்சண்டை நடத்தும் உரிமத்தால் சயாம் அரசருக்கு நல்ல வருமானம் என்று குறிப்பிட்டார். கேன்டர் விவரித்தது வேறொரு இனம் என்று கண்டு, 1910-ல் சண்டை மீனுக்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்று பெயர் வைத்தவர் லண்டன் அருங்காட்சியகத்தின் சார்லஸ் டேட் ரீகன்.

2022-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த மரபணு ஆய்வு, இதைப் பழக்கத் தொடங்கி குறைந்தது ஆயிரம் ஆண்டாவது இருக்கும் என்கிறது. நிறத்துக்கும் நீண்ட துடுப்புக்குமாக வளர்த்ததெல்லாம் பிற்பாடு வந்த ஆசை. காட்டு மீன் மங்கலான பழுப்பும் பச்சையுமாக, குட்டைத் துடுப்போடு இருக்கும். பேரன் வாங்கி வந்த நீல மீன், பந்தயக்காரனும் அழகுப் பிரியனும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய பொருள். இன்று அதன் குஞ்சுகள் நம் கொளத்தூர்த் தொட்டிகளிலேயே வளர்கின்றன.

இனி நம்ம ஊர்ப் பகுதி. இந்தச் சயாம்காரனுக்கு இங்கே ஒரு பங்காளி உண்டு. சுண்டுவிரல் நீளம், பழுப்பு நிறம், வால் நடுவில் கூரான முனை. அதுவும் காற்றை விழுங்கும், நுரைக்கூடு கட்டும், கொசுப் புழுவைத் தின்னும். முட்டையிடும் காலத்தில் பெண் மீன் கன்னங்கரேல் என்று மாறிவிடும். 1831-ல் பிரெஞ்சு அறிஞர்கள் கூவியேவும் வாலென்சியென்னும் இதை விவரித்து 'குபானஸ்' என்று பெயரிட்டார்கள். அது கிடைத்த இடம் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆறு. அந்தக் 'குப்பம்'தான் பிரெஞ்சு வாயில் நுழைந்து, லத்தீனில் 'குபானஸ்' ஆகி வெளியே வந்தது. நம்ம ஊர்ப் பெயரைச் சுமக்கும் மீன். நமக்குத்தான் அதைத் தெரியாது.

எனக்கே தெரியாமல்தான் இருந்தது. சிறுவயதில் சேலையூர் ஏரிக்கரை வாய்க்காலில் துண்டை விரித்து நாங்கள் பிடித்தவற்றில் இதுவும் இருந்திருக்கும். கெண்டை, விரால், அயிரை என்று சாப்பாட்டு மீனுக்கெல்லாம் பெயர் சொன்னோம். சட்டிக்கு ஆகாத இதை 'பொடி மீன்' என்று திரும்பக் கொட்டிவிட்டோம்.

கொசுவை ஒழிக்க 1928-ல் கம்பூசியா என்ற அமெரிக்க மீனை இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் மீன் செய்துகொண்டிருந்த வேலைக்கு வெளியூர் ஆள். கம்பூசியா கொசுப் புழுவோடு மற்ற மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் தின்றது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இன்று அதற்கும் இடம் உண்டு. அதோடு சாக்கடை, ஆகாயத்தாமரை, வயல்மேல் எழுந்த மனைகள். நான் குடியிருக்கும் மனையும் ஒரு காலத்தில் வயல்தான், அதை மறைப்பதில் பயனில்லை.

விடுமுறை முடிந்தபோது பேரன், "பாவம் தாத்தா, ஏரியில விட்டுடலாமா?" என்றான். கூடாது என்று சொன்னேன். நல்ல மனதோடு விட்ட மீன்களால்தான் பல நீர்நிலைகள் கெட்டன. பாட்டிலிலும் வைக்கவேண்டாம் என்று இருபது லிட்டர் தொட்டி வாங்கினோம். தெருமுனை வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டோம். இப்போது அது என் பொறுப்பு.

ஊருக்குக் கிளம்பும் முன் அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தோம். கோரைப்புல் ஓரத்தில் பழுப்பாக ஒரு சிறு மீன் மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போனது. "அது பேர் என்ன தாத்தா?" என்றான். லத்தீன் பெயரைத்தான் சொல்ல முடிந்தது.

உங்கள் ஊரில் இந்த மீனுக்குத் தமிழ்ப் பெயர் இருந்தால் எழுதுங்கள். அவனுக்குச் சொல்லவேண்டும்.